ஓடிட்டா

சுருளிப்பட்டியில் என் அக்கா வீட்டு அடுப்படியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது. பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்திருப்பாள். கழுத்துக்குக் கீழே ஒரு இடம் மட்டும் பளபளக்காது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கிக் கிடக்கும். அந்த இடத்தில் கட்டை விரலை வைத்துத் தடவினால் எழுத்துகள் தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ‘முதல் பரிசு’ என்று அங்கே வெட்டியிருந்தது. அதை அழித்துவிட்டு, அதற்குக் கீழே எங்கள் வீட்டு இனிஷியலைப் புதிதாக வெட்டி, கல்யாணச் சீரோடு சீராக அதையும் அக்காவுடன் ஏற்றி அனுப்பினார்கள். போன மாதம் வரைக்கும் அந்தக் குடம் அங்கேதான் இருந்தது. இப்போது இல்லை. அது எங்கே போனது என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். வரட்டும். இத்தனை வருஷம் அடக்கி வைத்ததில் ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்.

எங்கள் ஊர் கோம்பை. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், “நாய்க்குப் பேர்போன ஊரா?” என்பார்கள். ஆமாம், நாய்க்குத்தான். செவலை உடம்பு, கறுத்த மூஞ்சி, ஓட்டத்தில் முயலைப் பிடித்துவிடும் என்று எங்கள் ஆட்கள் மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்கள். ஓடுகிற நாய்க்கு ஊரின் பேரையே தூக்கிக் கொடுத்தவர்களிடம், ஓடுகிற பெண்ணுக்குக் கொடுக்க ஒரு நல்ல வார்த்தை இல்லை. இருந்த ஒரே வார்த்தையையும் அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். வீட்டிலேயே உயரம். நடக்கச் சொன்னால் ஓடுவாள், ஓடச் சொன்னால் நிறுத்த மாட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் கண்டுபிடித்தது பி.டி. டீச்சர். ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரர், கல்யாணம் ஆகாதவர், ஸ்கூட்டரில் வருவார். ஊர் அவரையும் சும்மா விடவில்லை, அது வேறு கதை. விடிந்தும் விடியாமலும் அக்கா மலையடிவாரத்து வண்டிப் பாதையில் ஓடுவாள், டீச்சர் பின்னாலேயே ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார். ஆடி மாதம் மேற்கே மலை இடுக்கிலிருந்து இறங்குகிற காற்று இருக்கிறதே, அம்மியை நகர்த்துகிற காற்று, அதில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும்போது டீச்சர் அவளை மேற்கே பார்த்து ஓடச் சொல்வார். பாவாடையில் தொடங்கி, அப்பாவின் பழைய சட்டைக்கு வந்து, கடைசியில் டீச்சர் வாங்கிக் கொடுத்த நீலக் கால்சட்டையில் வந்து நின்றாள். அம்மாவுக்கு அந்தக் கால்சட்டைகூடப் பெரிய குறையாகப் படவில்லை. ஓடிக்கொண்டே அக்கா காறித் துப்புவாள், மூக்கைச் சிந்துவாள். நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். “பொம்பளப் புள்ள நடுரோட்டுல துப்பிக்கிட்டே போறா, நான் எந்த மொகத்தோட தண்ணிக்குப் போறது?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா சிரித்துக்கொண்டே, “முழுங்குனா மூச்சு அடைக்கும்மா” என்பாள்.

அவள் ஜெயிக்கத் தொடங்கியதும் வீட்டில் குடங்கள் சேர்ந்தன. பொங்கல் விளையாட்டு, கோயில் திருவிழா, ஏதாவது மன்றத்தின் ஆண்டு விழா, எங்கே பெண்களுக்கு ஓட்டம் வைத்தாலும் பரிசு குடம்தான். அதே தூரம் ஓடிய ஆண்களுக்கு சைக்கிள். தேனியிலிருந்து வைகை அணை வரைக்கும் ஒரு முறை சாலை ஓட்டம் வைத்தார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடியதில், ஆண்களில் பாதிப் பேர் அக்காவுக்குப் பின்னால்தான் வந்தார்கள். அவளுக்கு முன்னால் வந்தவனுக்கும் சைக்கிள், பின்னால் வந்தவன் ஒருவனுக்கும் ஆறுதல் பரிசாக சைக்கிள், பெண்களில் முதலாவதாக வந்த அவளுக்குக் குடம். நான் மேலே சொன்ன குடம் அதுதான். அப்பாவுக்கு அதில் வருத்தமே இல்லை. குடத்தைச் சுண்டிப் பார்த்து, “நல்ல கனம். சீருக்கு ஆச்சு” என்றார். அக்கா குடங்களாகக் கொண்டு வருகிறவரைக்கும் அவள் ஓட்டத்தில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. மெடல்களை அம்மா சாமி படத்து ஆணியில் மாட்டி வைத்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கான மாநிலப் போட்டியில் இரண்டு வருஷம் அடுத்தடுத்து அக்கா தங்கம் வாங்கினாள். பேப்பரில் போட்டோ வந்தது. அந்தப் பேப்பரை ஊரில் நாலு பேர் பார்த்திருந்தால் அதிகம்.

கல்லூரிக்குப் போன முதல் வருஷம், பெரியவர்களுக்கான மாநிலப் போட்டி மெட்ராஸில் நடந்தது. பத்தாயிரம் மீட்டர். அதில் முதலாவதாக வந்தால் தேசியப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், அங்கே தேறினால் ரயில்வேயில் வேலையும் நிச்சயம் என்று டீச்சர் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். அக்கா அன்றைக்கு டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பாதிச் சம்மதம். மீதிப் பாதியைக் கையில் வைத்திருந்தவர் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன், பஜாரில் உரக்கடை, ஊரிலேயே ஜீப்பும் டெலிபோனும் வைத்திருந்த சிலரில் ஒருவர். எங்கள் வீட்டில் உலை வைப்பதென்றால்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். “அனுப்புறது உன் இஷ்டம். வயசுப் புள்ள. அவுத்து விட்டா ஓடிப்போகும். அப்பறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது” என்றார். கேட்டுக்கொள்ளுங்கள், போட்டிக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். அந்த வார்த்தை அவர் காதுக்குள் அப்போதே குடிவந்துவிட்டது.

மெட்ராஸுக்குப் போன இடத்தில் அக்காவுக்குக் காய்ச்சல். போட்டியன்று காலைகூட உடம்பு கொதித்ததாம். ஓட வேண்டாம் என்று டீச்சர் சொல்லியும் கேட்காமல் போய்க் கோட்டில் நின்றிருக்கிறாள். பாதியில் விழுந்துவிடுவாள் என்று டீச்சர் மைதானத்தின் ஓரத்தில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாராம். அவள் விழவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு பேரையும் தாண்டி முதலாவதாக வந்தாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் திரும்ப பஸ் ஏறுவதற்கு முன்னால், எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய்ப் பெரியப்பா கடைக்கு போன் போட்டார். லைன் கரகரவென்றிருக்கிறது. “சார், ஓடிட்டா சார்! ஓடிட்டா!” என்று கத்தியிருக்கிறார். அவர் மனசில் இருந்தது காய்ச்சல். இந்தக் காய்ச்சலோடு முழுசாக ஓடி முடித்துவிட்டாளே என்ற சந்தோஷம். நம் தமிழில் அதற்கு வேறு என்ன சொல்வார்கள்? அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

பெரியப்பா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓடி வந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் தெருவில் அன்றைக்கு உண்மையிலேயே ஓடியவர் அவர் ஒருவர்தான். “ஏலே, உன் மக ஓடிட்டாடா! அந்த டீச்சரே போன் பண்ணிக் கத்துறாக!” என்றார். அம்மா அரிசி அரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ‘எங்கே ஓடிட்டா, எதில் ஓடிட்டா’ என்று ஒருவர், ஒரே ஒருவர், திருப்பிக் கேட்கவில்லை. ஓடுவதற்காகப் போன பெண்ணைப் பற்றி ‘ஓடிட்டா’ என்று சேதி வருகிறது. அதற்கு நேரான அர்த்தம் ஒன்று இருக்கிறது என்பதே முப்பது நாற்பது பேர் கூடிய அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் கண் காது மூக்கு எல்லாம் வைத்தாகிவிட்டது. பையன் மலையாளத்தான் என்றார்கள், கூட ஓடுகிறவன் என்றார்கள், டீச்சரே சேர்த்து வைத்துவிட்டாள் என்றார்கள். உத்தமபாளையத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் பெரியப்பாவின் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. அப்பா, பெரியப்பா, சித்தப்பா, இன்னும் இரண்டு பங்காளிகள் ஏறியாகிவிட்டது. மெட்ராஸ் போய்த் தேடப் போகிறார்களாம். அப்போது தேனியிலிருந்து வந்த முதல் பஸ்ஸிலிருந்து அக்காவும் டீச்சரும் இறங்கினார்கள். அக்கா கழுத்தில் மெடல். காய்ச்சல் விட்ட முகம், வாயெல்லாம் சிரிப்பு. ஜீப்பில் அத்தனை பேரையும் பார்த்ததும், தன்னைக் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறாள். கையை உயர்த்தி ஆட்டினாள். அப்பா இறங்கிப் போய் அந்தச் சிரிப்பின் மேலேயே அறைந்தார். அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ஜீப் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன், எனக்கும் கேட்கவில்லை. அவள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

டீச்சர் நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் விளக்கினார். போன் பண்ணியது, லைன் அறுந்தது, என்ன சொன்னார், ஏன் சொன்னார். கூட்டம் கேட்டது. ஒன்றிரண்டு பேர் சிரித்தேவிட்டார்கள். சரி, விஷயம் முடிந்தது, பெண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போடுவார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரியப்பாவுக்கோ முகத்தில் ஈயாடவில்லை. தன் காது தப்பு செய்துவிட்டது என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்வதா? “சரி, இப்ப வந்துட்டா. ஆனா ஊரு கேட்டுருச்சே” என்றார். ஊருக்குச் சொன்னதே அவர்தான்! தெருத்தெருவாகச் சொன்ன அதே வாயால், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நடை போய்ச் சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பதிலாக, “நெருப்பில்லாமப் புகையுமா?” என்று அவரே கேட்க ஆரம்பித்தார். என்ன நெருப்பு? அவர் வாயில் இருந்த பீடிதான் நெருப்பு. அப்பாவுக்கு அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. உண்மை தெரிந்த பிறகும், பெண்ணைக் கரையேற்றிவிட வேண்டும் என்று முடிவானது. அதைத்தான் என்னால் இன்றுவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. தப்பாகக் கேட்டதைக்கூட மன்னித்துவிடலாம். சரியாகத் தெரிந்த பிறகு செய்ததை எப்படி மன்னிப்பது?

முகாமுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று சொல்ல டீச்சர் மறுபடி வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள், அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் அப்பா கேட்டது இதுதான்: “ஏன் டீச்சர், அன்னைக்கு ‘ஜெயிச்சிட்டா’ன்னு சொல்லியிருக்கலாம்ல?” குற்றத்தை அழகாக அவர் தலையில் இறக்கி வைத்தாயிற்று. டீச்சர் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். அக்கா உள்ளறையில் கதவோரம் நின்று ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்து போகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். வருஷங்கள் கழித்து நான் டீச்சரைத் தேனியில் பார்த்தேன். ஓய்வு பெறுகிறவரைக்கும் எத்தனையோ பெண்களைப் போட்டிகளுக்கு அழைத்துப் போனதாகச் சொன்னார். “போன்ல மட்டும் ‘ஓடிட்டா’ன்னு சொல்லவே மாட்டேன் தாயி. ‘மொதல்ல வந்துட்டா’, ‘மூணாவதா வந்துட்டா’, அப்படித்தான். ‘வந்துட்டா’ன்னு சொன்னா வீட்ல பயப்பட மாட்டாக பாரு” என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாப்பிள்ளை பார்த்ததும் பெரியப்பாதான். சுருளிப்பட்டி, திராட்சைத் தோட்டம் உள்ள குடும்பம். “எல்லாம் கேள்விப்பட்டும் அவுக ஒத்துக்கிட்டதே பெருசு” என்று அம்மா எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள், செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்த சந்தோஷத்தில். சீர்ப் பாத்திரங்களை எடுத்து வைத்தபோது பெரியப்பா குடங்களைத் திருப்பிப் பார்த்தார். “இந்த எழுத்தோட அனுப்புனா, பொண்ணு ஓடுனவன்னு நம்மளே ஞாபகப்படுத்துற மாதிரி இருக்கும்” என்று சொல்லி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக் கம்பத்துப் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனார். பாத்திரத்தில் பேர் வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். அழிப்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மற்ற குடங்களில் மேலாக வெட்டியிருந்ததால் சுத்தமாகப் போய்விட்டது. வைகை அணைக் குடத்தில் மட்டும் ஆழமாக வெட்டியிருந்தார்கள், முழுசாகப் போகவில்லை.

அத்தான் நல்ல மனுஷன். இப்படிச் சொன்னால் எல்லாரும் திருப்தியாகிவிடுகிறார்கள். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், அக்காவின் மெடல்களைப் பற்றி ஒரு நாளும் கேட்கவும் மாட்டார். மாமியார் மட்டும் அவள் குழாயடிக்கு வேகமாகப் போனால்கூட, “மெதுவாப் போ ஆத்தா, பாக்குறவுக என்ன நெனைப்பாக” என்று வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். அக்காவின் உயரத்துக்குத் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிமிர முடியாது. கொடியைக் கவாத்து வெட்டும்போதும் குலை அறுக்கும்போதும் கழுத்தை ஒடித்துக் குனிந்தே நடந்து, இப்போது வெளியே வந்தாலும் அப்படித்தான் நடக்கிறாள். அவளைப் பார்த்து எங்கள் வீட்டில் பாடம் படித்துக்கொண்டார்கள். எனக்கு உத்தமபாளையத்தைத் தாண்டிப் படிப்பு இல்லை, பஸ் நிறுத்தம் வரைக்கும் அம்மா காவல். நான் ஓடியதே கிடையாது, ஆனாலும் ‘ஓடுனவ தங்கச்சி’ என்றுதான் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள்.

போன மாதம் பெரியப்பா எனக்கு போன் பண்ணினார். ஊரில் இளைஞர் மன்றம் மாரத்தான் நடத்துகிறதாம், அவர்தான் விழாத் தலைவராம். “அக்காளக் கூட்டிட்டு வந்துரு ஆத்தா. நம்ம புள்ளதான் சிறப்பு விருந்தினர்” என்றார். பஜாரில் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ‘கோம்பை தந்த தங்கமங்கை’ என்று போட்டு, அந்தப் பழைய பேப்பர் போட்டோவைப் பெரிதாக்கி ஒரு ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். நடுவில் கைகூப்பியபடி பெரியப்பா, அக்காவைவிட மூன்று மடங்கு பெரிதாக. எனக்கு அதை இழுத்துக் கிழிக்க வேண்டும்போல் இருந்தது. போக வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். “போவோம்” என்றாள். விழாவன்று அவளை அழைக்கப் போனபோது கட்டைப் பையில் எதையோ சுற்றி வைத்திருந்தாள்.

மேடையில் பரிசுகளை அடுக்கியிருந்தார்கள். ஆண்களுக்கு சைக்கிள் வளர்ந்து மோட்டார் பைக் ஆகியிருந்தது. பெண்களுக்கு இன்னும் குடம்தான். பெரியப்பா மைக்கைப் பிடித்தார். எண்பதை நெருங்கியும் குரல் குறையவில்லை. “இந்தப் புள்ளய ஓட வச்சு அழகு பாத்தது நம்ம கோம்பை மண்ணு! அன்னைக்கு மெட்ராசுல இவ ஜெயிச்சதும் மொத போன் யாருக்கு வந்துச்சு? எனக்குத்தான் வந்துச்சு!” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பூசணிக்காயையே சோறு என்று பரிமாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டீச்சர் தட்டவில்லை.

அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். பையோடு எழுந்து போனாள். மைக் முன்னால் நின்றபோதுதான் கவனித்தேன், கழுத்தை நிமிர்த்தியிருந்தாள்.

“பெரியப்பா சொன்னது நெசந்தான். மொத போன் அவுகளுக்குத்தான் வந்துச்சு. ‘ஓடிட்டா’ன்னு டீச்சர் சொன்னாக. அவுகளுக்கு அது வேற மாதிரி கேட்டுருச்சு. மறுநாள் பஸ்ஸ விட்டு எறங்குனப்ப நான் ஒண்ணு சொன்னேன், ஜீப்பு சத்தத்துல யாருக்கும் கேக்கல. இன்னைக்கு மைக்கு இருக்கு, அதனால திரும்பச் சொல்றேன்.” ஒரு மூச்சு விட்டாள். “நான் ஓடிப் போகல. ஓடப் போனேன்.”

யாரும் கை தட்டவில்லை. எங்கள் தெருப் பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அக்கா பையிலிருந்து குடத்தை எடுத்துப் பெரியப்பாவின் மடியில் வைத்தாள். மைக்கை விட்டு விலகியிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. “இதுல முதல் பரிசுன்னு இருந்துச்சு பெரியப்பா. நீங்கதான் அழிச்சீக. நீங்களே வெட்டிக் குடுங்க.” அவர் குடத்தைக் கீழே வைக்கவும் முடியாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் முடியாமல் விழா முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். போட்டோக்காரர் எடுத்த எல்லாப் படத்திலும் அவர் மடியில் குடம் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நான்தான் அழுதேன். அவள் ஜன்னலைத் திறந்து வெளியே காறித் துப்பினாள்.

குடம் இன்னும் வரவில்லை. அக்கா வீட்டு அடுப்படியில் அது இருந்த இடத்தில் சிமெண்ட் தரை வட்டமாக வெளுத்துக் கிடக்கிறது. மாமியார், “அங்கன வேற குடத்த எடுத்து வையேன் ஆத்தா, வெறிச்சுனு கெடக்கு” என்கிறார். “இருக்கட்டும் அத்தே. அது வரணும்” என்கிறாள் அக்கா. நான் தினமும் பெரியப்பாவுக்கு போன் போடுகிறேன். என் பேரைத் திரையில் பார்த்துவிட்டு எடுக்க மாட்டேன் என்கிறார். மணி அடிப்பது அவருக்கு நன்றாகவே கேட்கிறது. நாளைக்கும் போடுவேன்.